ஷாக் அப்சர்பர்: தாங்கியா, ஒடுக்கியா?

வண்டியின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் (அடிச்சட்டத்துக்கும்) நடுவே மாட்டும் ஷாக் அப்சர்பர், காரைக்குடிப் பட்டறைகளில் ‘ஷாக் அப்சர்’. அவசரத்துக்கு வெறும் ‘ஷாக்கு’. அப்சார்ப் என்பதற்கு மூலம் உறிஞ்சுதலைக் குறிக்கும் லத்தீன் சொல். அதை ஒட்டியே அதிர்வுறிஞ்சி, அதிர்வுதாங்கி என்றெல்லாம் தமிழில் வந்தன. அங்கேதான் கோளாறு. பள்ளத்தில் விழும் அடியைத் தாங்குவது வில், அதாவது ஸ்பிரிங். வில்வண்டி என்று செட்டிநாட்டில் சொன்னார்களே, அதே வில். அதில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டம் அடங்கும். மாட்டு நடைக்கு அது போதும், ஜீப்புக்குப் போதாது. அமுங்கிய வில் எகிறும்போது, எண்ணெயைச் சிறு துளை வழியே பிதுக்கி, அந்த ஆட்டத்தைச் சூடாக்கித் தீர்ப்பதுதான் ஷாக்கின் வேலை. சரளை ரோட்டில் ஓட்டிவிட்டுத் தொட்டால் கை சுடும். பிரிட்டனில் டேம்பர் என்கிறார்கள். தமிழில் ‘அலைவொடுக்கி’ என்பதே சரி.

‘தாங்கி’ என்று நம்புகிறவர்தான், வில்லை மாற்றி வண்டியின் உயரத்தை 2 அங்குலம் கூட்டிவிட்டுப் பழைய ஷாக்கையே மாட்டுகிறார். கண்மாய்க் கரையில் ஒரு சக்கரம் தொங்கும்போது ஷாக் முழுநீளமும் நீண்டு, அச்சின் எடையையே சுமக்கும். முதலில் எண்ணெய் சீல் கசியும், பிறகு ஷாக்கை போல்ட்டில் மாட்டும் வளையமான ‘கண்’ பிய்யும். நீளமானதாகப் பார்த்து வாங்கினால் மறுபக்கம் ஆபத்து: அச்சு மேலேறுவதைத் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் தொடும் முன்பே ஷாக் முழுதாகச் சுருங்கி முட்டி, அதை மாட்டியிருக்கும் பிராக்கெட்டை உடைக்கும்.

அதனால் அளந்துதான் வாங்க வேண்டும். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சு முழுதாகத் தொங்கும்போது மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண்வரை ஓர் அளவு. பம்ப் ஸ்டாப் நன்றாக நசுங்கும்வரை ஜாக்கியால் தூக்கி இன்னோர் அளவு. ஷாக்கின் விரிந்த நீளம் முதல் அளவைவிடக் கூடுதலாகவும், சுருங்கிய நீளம் இரண்டாவதைவிட அரை அங்குலமாவது குறைவாகவும் இருக்க வேண்டும். தொங்கும்போதே பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முன்பக்கம் ஒரே அச்சுக்குப் பதில் சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனி ஆர்ம் (தாங்கு கை) உள்ள வண்டியில் ஷாக்கின் நீளத்தில் 2 அங்குலத்தை அப்படியே கூட்டக் கூடாது; ஷாக் ஆர்மின் நடுவில் இருப்பதால் சக்கரத்தைவிடக் குறைவாகவே நகரும்.

நீளம் பொருந்தினாலும் ஒடுக்கம் பொருந்த வேண்டும். வில் 20 சதவீதம் கடினமானால் ஒடுக்கம் சுமார் 10 சதவீதம் கூட வேண்டும்; இல்லாவிட்டால் வேகத்தடை தாண்டியும் வண்டி தலையாட்டிக்கொண்டே போகும்.

கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உருளையான புஷ்ஷின் போல்ட்டைக் கடைசியாக, நாலு சக்கரமும் தரையில் நின்ற பிறகே முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் திருகியே கிடந்து கிழியும்.