பெட்ரா பிராங்கா: பழைய உரிமை எப்படிக் கைநழுவுகிறது?

தீவுத் தகராறு என்றதும் நம் ஆட்கள் முதலில் தேடுவது பழைய வரைபடத்தைத்தான். நீதிமன்றத்தில் அதற்கு அவ்வளவு எடை கிடையாது. எவ்வளவு பழைய உரிமை என்பதைவிட, அது கடைசிவரை காப்பாற்றப்பட்டதா என்பதுதான் கேள்வி. பெட்ரா பிராங்கா என்ற சிறு பாறைத் தீவுக்காக மலேசியாவும் சிங்கப்பூரும் மோதிய வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23 அன்று தீர்ப்பளித்தது. வரலாற்றை மலேசியா நிரூபித்தது. பாறை சிங்கப்பூருக்குப் போனது.

வற்றத்தின்போது அந்தப் பாறையின் நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல். மலேசியாவின் ஜொகூர் மாநிலக் கரையிலிருந்து 7.7 மட்டுமே. குடிநீர் இல்லை, குடியிருப்பும் இல்லை.

1844 வரை அது ஜொகூர் சுல்தானுக்கே உரியது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தக் கடலில் திரிந்த ஓராங் லாவுட் மக்கள் சுல்தானின் குடிகள். நூற்றாண்டுகளாக வேறு எந்த அரசும் அங்கே உரிமை கோரவில்லை. ஆளில்லாத பாறைக்கு இந்த அளவு சான்றே போதும். யாருக்கும் சொந்தமில்லாத இடத்தைப் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டார்கள் என்ற சிங்கப்பூரின் வாதம் இங்கே விழுந்தது.

அடுத்த 130 ஆண்டுகள்தான் வழக்கைப் புரட்டிப் போட்டன. 1850–51இல் பிரிட்டிஷார் அங்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டினார்கள். விளக்கை ஏற்றிப் பராமரிப்பவர் நிலத்துக்குச் சொந்தக்காரராகிவிட மாட்டார். ஜொகூருக்கு மேற்கே உள்ள புலாவ் பீசாங் தீவிலும் சிங்கப்பூர்தான் விளக்கை நடத்துகிறது. ஆனால் தீவு மலேசியாவுடையது. 1968இல் அங்கே பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொன்னது மலேசியா, கொடி இறங்கியது. பெட்ரா பிராங்காவிலும் அதே கொடி பறந்தது. அங்கே மலேசியா வாய் திறக்கவில்லை. இந்த மௌனம் பின்னாளில் நீதிமன்றத்தில் எடைபோடப்பட்டது.

எல்லாவற்றையும்விட வினையானது ஒரு கடிதம். தன் கடல் எல்லையை வரையறுக்க, பாறையின் நிலை என்ன என்று 1953 ஜூனில் சிங்கப்பூர்க் காலனி அரசு கேட்டது. ‘ஜொகூர் அரசு பெட்ரா பிராங்காவுக்கு உரிமை கோரவில்லை’ என்று செப்டம்பர் 21இல் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதினார். அப்படி எழுத அவருக்கு அதிகாரமே இல்லை என்று மலேசியா பின்னர் வாதாடியது; எடுபடவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் போயிருக்கிறது, யாரும் அதைத் திரும்பப் பெறவில்லை.

அதன் பிறகு சிங்கப்பூர் சொந்தக்காரரைப் போலவே நடந்துகொண்டது. சுற்றுவட்டாரத்தில் நடந்த கப்பல் விபத்துகளை விசாரித்தது. பாறைக்கு வர விரும்பிய மலேசிய அதிகாரிகளை முன் அனுமதி வாங்கச் சொன்னது. 1977இல் ராணுவத் தொலைத்தொடர்புக் கருவியைப் பொருத்தியது. 1978இல் கடலைத் தூர்த்துப் பாறையைப் பெரிதாக்கப் பகிரங்கமாக டெண்டர் விட்டது. விபத்து விசாரணைகளுக்கு மலேசியா முதன்முதலாக ஆட்சேபம் தெரிவித்தது 2003இல்தான்! 1962 முதல் 1975 வரை மலேசியாவே வெளியிட்ட வரைபடங்களில் பாறையின் பெயருக்குக் கீழே ‘சிங்கப்பூர்’ என்று அச்சாகியிருந்தது. வரைபடத்துக்கு எடை கூடுவது இப்படி வெளியிட்டவருக்கே எதிராக இருக்கும்போதுதான்.

1979 டிசம்பரில் மலேசியா தன் புதிய வரைபடத்தில் பாறையைச் சேர்த்துக்கொண்டது. 1980 பிப்ரவரி 14இல் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த நாளோடு கணக்கு முடிகிறது. அதற்குப் பின் வழக்குக்காகவே ஏற்றிய கொடி, போட்ட ரோந்து எதுவும் பொதுவாகச் செல்லாது.

பெட்ரா பிராங்கா 12க்கு 4 என்ற வாக்கில் சிங்கப்பூருக்குப் போனது. அதற்குத் தெற்கே 0.6 கடல் மைலில் உள்ள மிடில் ராக்ஸ் பாறைகளில் சிங்கப்பூர் இப்படி எதுவும் செய்திருக்கவில்லை. சுல்தானின் பழைய உரிமை அங்கே அப்படியே நிலைத்து, அது மலேசியாவுக்குக் கிடைத்தது. இதே வழக்கில் இருந்த சவுத் லெட்ஜ் வற்றத்தில் மட்டும் தலைகாட்டும் திட்டு. அது யாருடைய கடலில் இருக்கிறதோ அவர்களுக்கே சொந்தம் என்றது தீர்ப்பு. கடல் எல்லையை வகுக்கும் பொறுப்பு நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்படாததால், அது யாருடைய கடல் என்று தீர்ப்பு சொல்லவில்லை.

மறுஆய்வுக்கு வழி உண்டு. தீர்ப்பின்போது தெரியாதிருந்த முக்கியமான உண்மை வெளிவர வேண்டும்; அது தெரிந்த ஆறு மாதத்துக்குள், தீர்ப்பு வந்த பத்து ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த தாள்களோடு மலேசியா 2017 பிப்ரவரியில் மனு போட்டது. 2018 மே மாதம், விசாரணை தொடங்கும் முன்பே, ஆட்சி மாறிய கையோடு அதைத் திரும்பப் பெற்றது. பத்தாண்டுக் கெடு முடிந்ததும் அதே மாதத்தில்தான்.