வலிக்காமல் கெடும் உறுப்பு

நகரி, பள்ளிப்பட்டுப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் உடனே 'கிட்னியா இருக்குமோ' என்ற கவலை வந்துவிடும். பெரும்பாலும் அது வெறும் தசைவலிதான். கல் அடைத்தாலோ கிருமி தொற்றினாலோ சிறுநீரகம் வலிக்கும். மெல்ல மெல்லக் கெடும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. பயப்பட வேண்டியது, அந்த இடுப்புவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைக்கு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் சின்ன ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல் நிற்கும் உடம்பில் அங்கே போகும் ரத்தம் ஏற்கெனவே குறைவு.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே வருகிறது. மிச்சத்தை நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. வடிகட்டும் சல்லடை ஒன்று, திரும்ப உறிஞ்சும் குழாய் ஒன்று. எது கெடுகிறது என்பதைப் பொறுத்து அறிகுறியும் மாறும்.

சல்லடை ஓட்டையானால் அல்புமின் என்ற புரதம் கசியும். சிறுநீர் நுரைக்கும். வேகமாக விழுந்தாலும் நுரைக்கத்தான் செய்யும், ஆனால் அது சீக்கிரம் அடங்கிவிடும். புரத நுரை அடங்காமல் நிற்கும், நாள் தவறாமல் வரும். காலையில் கண் இமை உப்பும், சாயங்காலம் கணுக்கால் வீங்கும். முன்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுத்துப் பாருங்கள். குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. (இதயம், கல்லீரல் கோளாறிலும் இது உண்டு.)

குழாய் கெட்டால் நுரையே இருக்காது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில் சுகரோ பி.பி.யோ இல்லாத விவசாயக் கூலிகள் பலருக்கு வரும் சிறுநீரக நோய் இந்த ரகம். புரதம் கொஞ்சமாகத்தான் போகும், போகாமலும் இருக்கும். உறிஞ்சும் திறன் குறைவதால் ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழ வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் சொட்டுச் சொட்டாகப் போனால் பிராஸ்டேட்டை (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) சந்தேகிக்கலாம். நிறையப் போனால் சுகரையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

ஆகவே யூரின் டெஸ்ட் மட்டும் போதாது, ரத்தத்தில் கிரியேட்டினினும் (தசையில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பார்க்க வேண்டும். அந்த எண்ணைத் தனியாக நம்பவும் கூடாது. 1.1 என்பது 25 வயது ஆணுக்கு என்றால் ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்ற கணக்கு) சுமார் 95, குறையில்லை. அதே 1.1 ஒரு 65 வயதுப் பெண்ணுக்கு என்றால் சுமார் 56 தான். தசை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு. சிறுநீரகம் கெட்டிருந்தும் எண் நல்லபடியாகத் தெரியும். ரிப்போர்ட்டில் ஜி.எஃப்.ஆர். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட நோய்.

யூரின் டெஸ்டுக்குக் காலை முதல் சிறுநீரில், நடுப்பகுதியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 30க்கு (மி.கி./கிராம்) மேல் வந்தால் பதற வேண்டாம். காய்ச்சல், மாதவிலக்கு, கடும் உழைப்பு எல்லாமே அதை ஏற்றிவிடும். மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பாருங்கள். சுகர், பி.பி. உள்ளவர்கள் இரண்டு டெஸ்டையும் வருஷம் ஒருமுறை எடுக்க வேண்டும். டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பதற்கு முதல் நாள் கறி விருந்து வேண்டாம். சமைத்த இறைச்சி கிரியேட்டினினைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும்.