திரையை அணைத்துவிட்டு முதல் தளத்தை முடிக்க முடியுமா?

டஞ்சன் வகை ஆர்பிஜி கேமை, அதாவது ஒரு பாத்திரமாக நிலவறைகளில் தளம் தளமாகச் சுற்றி ஆடும் கேமை, மாற்றுத்திறனாளிகளும் ஆட வேண்டும் என்று பேச்சு வந்ததும், அதை உருவாக்கும் பல குழுக்கள் செட்டிங்ஸ் மெனுவில் கை வைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்க ஒரு வசதி, நிறக்குருடு மோடு, சப்டைட்டில், அவ்வளவுதான். ஆனால் ஆளை வெளியே நிறுத்துவது பெரும்பாலும் விதிகள்தான். பெட்டியைத் திறக்க பட்டனை 2 விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்வது ஒரு விதி. விஷம் கடிகார நேரப்படி ஏறுவதும், பொறி வைத்த கல் கொஞ்சம் கருமையாக மட்டும் தெரிவதும் விதிகளே. உங்கள் கேம் எதைச் சோதிக்கிறது? திட்டமிடலையா, விரல் வேகத்தையா, கண்ணையா, ஞாபகத்தையா? திட்டமிடல் என்றால் மற்ற மூன்றையும் கட்டாயமாக்க வேண்டியதில்லை.

கட்டம் கட்டமாக, டர்ன் முறையில் நகரும் பழைய வடிவம் இதற்கு நல்ல அடித்தளம். 1980-இல் வந்த ரோக் கேமில் நீங்கள் ஒரு விசையை அழுத்தும்வரை அரக்கனும் காத்திருக்கும். ஆனால் எல்லாமே எழுத்தால் ஆனதுதானே, ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் மென்பொருள்) படித்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அது எழுத்துகளால் வரைந்த படம்: புள்ளி என்றால் தரை, @ என்றால் நீங்கள். ஸ்கிரீன் ரீடர் அதை "புள்ளி புள்ளி அட் புள்ளி" என்று வரிவரியாக ஒப்பிக்கும்.

எனவே வரைபடத்தைப் படித்துக் காட்டாதீர்கள், கேள்விகளாக மாற்றுங்கள். நான் எங்கே இருக்கிறேன், எதிரி யார், வாசல் எங்கே, இன்னும் பார்க்காத பக்கம் எது என்று கேள்விக்கு ஒரு விசை. அழுத்த அழுத்த, பக்கத்தில் இருப்பதிலிருந்து தூரத்தில் இருப்பது வரை வரிசையாகச் சொல்ல வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு தூரக் கணக்கு. "கதவு, கிழக்கே 3 கட்டம்" என்று கேம் சொல்லும். நடுவில் சுவர் இருக்கும். சுற்றிப் போனால் 11 கட்டம். நேர்த்தூரம், நடைத்தூரம் இரண்டையும் சொல்லுங்கள். மூலைவாட்டில் நகர அனுமதித்தால் அடிக் கணக்கும் அதற்கேற்ப மாற வேண்டும். நான்கு திசை மட்டும் வைத்தால் இந்தத் தலைவலி பாதி குறையும், பொத்தான்களும் குறையும்.

அறைகளுக்குப் பெயர் வையுங்கள். "அறை 14" மனதில் நிற்காது, "உடைந்த கிணறு உள்ள அறை" நிற்கும். தளத்தைக் கணினியே உருவாக்கினாலும், அறையில் உள்ள பெரிய பொருளை வைத்துப் பெயரையும் அதுவே உருவாக்கிவிடலாம். டஞ்சன் க்ரால் ஸ்டோன் சூப் கேமில் 'ஓ' விசையை அழுத்தினால் பாத்திரம் தானே சுற்றிப் பார்க்கும். எதிரி கண்ணில் பட்டதும் நின்றுவிடும். பார்வை மாற்றுத்திறனாளிக்கும், ஒரே ஒரு சுவிட்சால் ஆடுபவருக்கும் அந்த வசதி இல்லாமல் டஞ்சன் நகராது.

ஒலியில் இடது வலது எளிது. முன் பின் அப்படியில்லை. ஹெட்போனில் முன்னாலிருந்து வரும் உறுமலையும் பின்னாலிருந்து வருவதையும் காது எளிதில் குழப்பிக்கொள்ளும். பின்னால் இருப்பதன் ஒலியில் மேல் அதிர்வெண்களை வெட்டி மந்தமாக்கினால் வேறுபாடு தெரியும். சுவரில் முட்டினால் ஒரு 'டொக்', ஒவ்வொரு அடிக்கும் காலடிச் சத்தம். காலடி கேட்காவிட்டால் நகரவில்லை என்று பொருள். ஒரு காது மட்டும் கேட்பவருக்கு ஸ்டீரியோ பாதித் தகவலைத் தின்றுவிடும். அவருக்கு இரு காதிலும் ஒரே ஒலி தரும் மோனோ வசதியும், திசையைச் சொல்லாகவும் தர வேண்டும். காதே கேளாதவருக்கு, "வடக்குக் கதவுக்கு அப்பால் உறுமல்" என்று லாகில் (நடந்ததை வரிவரியாகக் காட்டும் பட்டியலில்) ஒரு வரி போதும்.

தமிழில் கேம் செய்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். "உங்களுக்கு வடக்கே நிற்கும் எலும்பு வீரன் தன் வாளால் உங்களைத் தாக்கினான்" என்ற வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஸ்கிரீன் ரீடரில் கேட்பவர் முக்கியமான தகவலை முதல் இரண்டு சொல்லில் பிடித்துக்கொண்டு அடுத்த விசைக்குப் போய்விடுவார். "எலும்பு வீரன் அடி: 4. உயிர் 18/30. வடக்கு." என்று தந்தி பாணியில் எழுதுங்கள். ஒரே டர்னில் ஐந்து எலி பாய்ந்தால் ஐந்து வரி வேண்டாம்: "எலிகள் 5, கடித்தவை 3, மொத்த அடி 7." பொருளின் பெயரோடு வேற்றுமை உருபை நிரலில் ஒட்டினால் "வாள்ஐ எடுத்தீர்கள்", "புத்தகம்ஐ எடுத்தீர்கள்" என்று வரும், காதில் கேட்டால் இன்னும் கொடுமை. "எடுத்தது: வாள்" என்று மாற்றினால் புணர்ச்சி விதியே தேவைப்படாது. எல்லாவற்றுக்கும் குரல் பதிவு செய்வதும் வீண்செலவு. பழகியவர்கள் ஸ்கிரீன் ரீடரை நாம் பேசுவதைவிடப் பல மடங்கு வேகத்தில் கேட்பார்கள். உரையை அதற்கு அனுப்பிவிடுங்கள்.

ஒற்றைச் சுவிட்ச் ஆட்டத்துக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். அதில் ஒளி மெனுவில் ஒவ்வொரு செயலாகத் தானே நகரும், வேண்டியது வந்ததும் சுவிட்சை அழுத்த வேண்டும். மெனுவில் 12 செயல்கள், ஒவ்வொன்றிலும் ஒளி 1.5 விநாடி நிற்கிறது என்றால் கடைசிச் செயலுக்கு வர 16.5 விநாடி. அதையே நான்கு நான்காக மூன்று குழுவாக்கினால் 7.5. ஓர் அடிக்கு 5 விநாடி என்று வைத்தாலும் 200 அடி நடக்க ஏறக்குறைய 17 நிமிடம். அதனால் "படிக்கட்டுக்குப் போ" ஒரே செயலாக இருக்க வேண்டும். கை நடுங்குபவருக்கு இரட்டை அழுத்தத்தைப் புறக்கணிக்கும் இடைவெளியை 0 முதல் 1 விநாடி வரை மாற்ற விடுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு மருந்து, பச்சை மருந்து என்று இருந்தால் குப்பியின் வடிவமும் பெயரும் மாறட்டும். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கி ஒரு தளம் ஆடிப் பாருங்கள். உரைக்கும் பின்னணிக்கும் 4.5:1 மாறுபாடு வேண்டும். கறுப்பில் கரும்சாம்பல் எழுத்து டஞ்சன் கேம்களின் தீராத வியாதி. மின்னல் மந்திரமும் தீப்பந்தமும் விநாடிக்கு 3 தடவைக்கு மேல் பளிச்சிடக் கூடாது, வலிப்பு வரலாம்.

கடினத்தை ஒரே கம்பியில் கட்டாதீர்கள். அரக்கனின் வலிமை தனி, அவகாசம் தனி, இறந்தால் எங்கிருந்து தொடங்குவது என்பது தனி. ஹேடீஸ் கேமில் ஆட்டத்தை எளிதாக்கும் காட் மோடு, விழும் அடியில் 20% குறைப்பதில் தொடங்கி, ஒவ்வொரு மரணத்துக்கும் 2% கூட்டி, 80% வரை போகும். கதையிலும் பரிசிலும் எதையும் பிடுங்காது. "எளிது" தேர்ந்தவருக்குக் கடைசி முடிவைக் காட்டாத கேம்களும் உண்டு, அது தண்டனை.

பேச்சு வசதி முதல் திரையிலேயே தானாக ஓட வேண்டும். அதை ஆன் செய்யும் பட்டன் மூன்றாவது மெனுவில் இருந்தால், அது தேவைப்படுபவர் அங்கே போய்ச் சேரவே முடியாது.

பிறகு சோதனை. திரையை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். ஆனால் வரைபடம் உங்கள் மனதில் பதிந்திருக்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் புதுத் தளம் உருவாக்கி ஆடுங்கள். அதிலும் தேறினால், பார்வை மாற்றுத்திறனாளி ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் 30 நிமிடம் பாருங்கள். அவர் ஒரே விசையை மூன்று முறை அழுத்தும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியைத்தான் திருத்தி எழுத வேண்டும்.