18க்கும் 19க்கும் நடுவே உள்ள பள்ளம்: கணினிப் போர் விளையாட்டில் மோதலின் முடிவைக் கணிப்பது எப்படி?

“குத்து படுவதற்கு 60% வாய்ப்பு என்று திரை காட்டுகிறது. ஆனால் என் ஈட்டிக்காரனின் மூன்று குத்துகளும் வீணாகிவிடுகின்றன. கணினி கள்ளாட்டம் ஆடுகிறதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் அண்மையில் ஆடத் தொடங்கியிருப்பது ‘தி பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்ற விளையாட்டு. டேவிட் வைட் என்பவர் 2003இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளில் அறுகோணக் கட்டங்களால் ஆன வரைபடத்தின் மீது இரு தரப்பும் மாறி மாறிப் படைகளை நகர்த்துகின்றன. இதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், கள்ளாட்டம் இல்லை என்பதை யார் வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கலாம். அப்படியானால் வாசகருக்கு ஏற்பட்ட வருத்தத்துக்குக் காரணம் என்ன என்பதுதான் சுவையான கேள்வி.

முதலில் விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு வீரன் நிற்கும் நிலமே அவனுடைய தற்காப்பைத் தீர்மானிக்கிறது. புல்வெளியில் நிற்கும் ஓர்க் என்னும் கற்பனை அரக்க இனத்து வீரனுக்குத் தற்காப்பு 40%. ஆகவே அவன்மீது ஒரு குத்து படுவதற்கான வாய்ப்பு 60%. அவனே கோட்டைக்குள் நின்றால் அந்த வாய்ப்பு 40% ஆகக் குறைந்துவிடும். அடிப்பவன் எவ்வளவு தேர்ந்தவன் என்பது பொதுவாக இந்தக் கணக்கில் சேர்வதில்லை; எதிரி எங்கே நின்றாலும் 70% வாய்ப்புடன் தாக்கும் மந்திரவாதிகளைப் போன்ற சிலர் மட்டுமே விதிவிலக்கு. ஈட்டிக்காரனுக்கு 36 உயிர்ப்புள்ளிகள் உண்டு; அவை தீர்ந்தால் அவன் இறந்துவிடுவான். அவன் ஒரு மோதலில் மூன்று முறை குத்துவான், பட்ட குத்து ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளிகள் சேதம். ஓர்க் வீரனுக்கு 38 உயிர்ப்புள்ளிகள்; அவன் இரண்டு முறை வெட்டுவான், வெட்டுக்கு 9 புள்ளிகள். ஈட்டிக்காரனைப் போன்ற மனிதப் படையினர் விளைக்கும் சேதம் பகலில் 25% கூடும், இரவில் 25% குறையும்; ஓர்க்குகளுக்கு இது தலைகீழ். கிடைக்கும் விடை அருகில் உள்ள முழு எண்ணாக மாற்றப்படும் என்பதால், ஈட்டிக்குத்து பகலில் 8.75 என்பது 9 ஆகவும், இரவில் 5.25 என்பது 5 ஆகவும் அமைகிறது.

புதிதாக ஆடுபவர்களில் பலர் இந்த இடத்தில் சராசரியைக் கணக்கிட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். மூன்று குத்து, குத்துக்கு 9, அதில் 60% என்றால் சராசரிச் சேதம் 16.2 புள்ளிகள். எதிரியிடம் 18 மிச்சமிருந்தாலும் 19 மிச்சமிருந்தாலும் சராசரி அதேதான் என்பதால், இரண்டும் ஏறக்குறைய ஒரே நிலைமை என்று மனம் சொல்கிறது. ஆனால் 18 புள்ளிகள் உள்ள ஓர்க்கை வீழ்த்த இரண்டு குத்துகள் பட்டால் போதும்; மூன்றில் குறைந்தது இரண்டு படுவதற்கான வாய்ப்பு 64.8%. 19 புள்ளிகள் உள்ளவனுக்கு மூன்றுமே பட வேண்டும். அதற்கான வாய்ப்பு 0.6ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 21.6% மட்டுமே. ஒரே ஒரு புள்ளி கூடியதில் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. ஆகவே ஆடுபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி “எவ்வளவு சேதம் விளையும்?” என்பதன்று, “எத்தனை அடி பட வேண்டும்?” என்பதே. அந்த 18 புள்ளி ஓர்க்கையே மூன்று வேளைகளில் வைத்துப் பாருங்கள். நண்பகலில் அவன் வீழும் வாய்ப்பு 64.8%. அந்தி வேளையில் குத்துக்கு 7 என்பதால் மூன்றும் பட்டாக வேண்டும், வாய்ப்பு 21.6%. நள்ளிரவில் மூன்று குத்தும் பட்டால்கூட 15தான் என்பதால் அவன் சாகவே மாட்டான். திரையில் தெரியும் 60% மட்டும் மூன்று வேளையும் மாறாமல் அப்படியே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. மேலே சொன்ன 64.8% என்பது ஓர்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. உண்மையில் குத்தும் வெட்டும் மாறி மாறி நடக்கின்றன. ஈட்டிக்காரன் நடுவில் விழுந்துவிட்டால் அவனுடைய மிச்சக் குத்துகள் நடக்கவே நடக்காது. இதைச் சரியாகக் கணக்கிட ஒரு கட்டத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக ஓர்க்கின் உயிர்ப்புள்ளிகள் 18, 9, 0. இடமிருந்து வலமாக ஈட்டிக்காரனின் புள்ளிகள் 14, 7, 0. (ஈட்டிக்காரன் ஏற்கெனவே அடிபட்டு 14 புள்ளிகளுடன் இருப்பதாகவும், இருவரும் புல்வெளியில் நிற்பதாகவும் கொள்வோம். பகலில் ஓர்க்கின் வெட்டு 6.75, அதாவது 7.) இப்போது பத்தாயிரம் புளியங்கொட்டைகளை 18, 14 என்ற முதல் கட்டத்தில் குவித்து வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் குத்தில் 6,000 கொட்டைகள் ஒரு வரிசை கீழே இறங்குகின்றன. 4,000 இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அடுத்து ஓர்க்கின் வெட்டு: ஒவ்வொரு குவியலிலும் 60% வலப்பக்கம் நகர்கிறது. 6,000இல் 3,600 நகர, 2,400 நிற்கிறது. 4,000இல் 2,400 நகர, 1,600 நிற்கிறது. இரண்டாவது குத்தில் ஏற்கெனவே ஒரு வரிசை இறங்கியிருந்த 6,000இல் 3,600 கொட்டைகள் அடிவரிசைக்கு வந்துவிடுகின்றன. அவை ஓர்க் இறந்துபோன சாத்தியங்கள், இனி அசையா. ஓர்க்கின் இரண்டாவது வெட்டுக்குப் பிறகு 2,304 கொட்டைகள் வலக்கோடியில், அதாவது ஈட்டிக்காரன் இறந்துபோன கட்டங்களில் சேர்ந்துவிடுகின்றன. அவற்றுக்கு மூன்றாவது குத்து கிடையாது. எஞ்சியவற்றில் 3,072 கொட்டைகள் நடுவரிசையில் காத்திருக்கின்றன. கடைசிக் குத்து அவற்றில் 60%ஐ, ஏறக்குறைய 1,843ஐக் கீழே இறக்குகிறது. கூட்டிப் பார்த்தால் ஓர்க் இறக்கும் வாய்ப்பு 54.4%, ஈட்டிக்காரன் இறக்கும் வாய்ப்பு 23%, இருவரும் பிழைக்கும் வாய்ப்பு 22.5%. எளிய கணக்கில் வந்த 64.8%இல் பத்து விழுக்காட்டுக்கும் மேலாக, எதிரியின் வாள் எடுத்துக்கொண்டுவிட்டது.

பகடையை ஒருமுறைகூட உருட்டாமல், நடக்கக்கூடிய எல்லாப் போர்களையும் ஒரே தாளில் ஒரே சமயத்தில் நடத்திப் பார்க்கிறோம் என்பதே இந்த முறையின் அழகு. தாக்குதலை உறுதிசெய்யும் முன் வெஸ்நாத்தில் சேதக் கணக்கைக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் இரு வீரர்களும் எத்தனை புள்ளிகளுடன் மிஞ்சுவார்கள் என்பதற்கான வாய்ப்புகள் பட்டைகளாக விரியும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் பணியாற்றியவரான ரஸ்டி ரஸ்ஸல் 2006இல் இதற்காக எழுதிய நிரலின் உள்ளே இருப்பது, நாம் புளியங்கொட்டைகளை நகர்த்திய அதே கட்டத்தாள்தான்; கணிதத்தில் அதை அணி என்பார்கள். பத்தாம் வகுப்பில் பைக்குள் கைவிட்டு வண்ணப் பந்துகளை எடுக்கும் கணக்கோடு நிகழ்தகவை முடித்துவிடாமல், இப்படி ஒரு கட்டத்தாளை மாணவர்களிடம் கொடுத்தால் அந்தப் பாடம் அவர்கள் மனத்தில் நிற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விலையின்றிக் கிடைக்கும் இத்தகைய மென்பொருள்களைப் பள்ளிக் கணினிக் கூடங்களுக்குக் கொண்டு சேர்க்க அரசு கொஞ்சம் பணம் ஒதுக்கினால் அது நல்ல செலவாக இருக்கும்.

போரில் ஒரே தாக்குதல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக முடியும் என்பதைப் பழைய படையினரும் அறிந்திருந்தார்கள். பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர்ப் பயிற்சி விளையாட்டில் இழப்புகளைத் தீர்மானிக்கப் பகடை சேர்க்கப்பட்டதற்குக் காரணம் அதுவே.

இனி, மூன்று குத்தும் வீணானதைப் பார்ப்போம். அப்படி நடக்கும் வாய்ப்பு 6.4%, ஏறக்குறைய பதினாறில் ஒன்று. அரிது போலத் தோன்றினாலும், ஓர் ஆட்டத்தில் இத்தகைய தாக்குதல்கள் இருபது நடந்தால் ஒன்றிலாவது மூன்றும் தவறுவதற்கான வாய்ப்பு 73%. பலித்த பத்தொன்பதும் மறந்துபோய், பலிக்காத ஒன்று மட்டும் நெஞ்சில் தங்கிவிடுகிறது. இந்த இயல்பை அறிந்த சில விளையாட்டுகள் எண்ணையே மாற்றிக் காட்டுகின்றன. ஃபயர் எம்ப்ளம் வரிசையில் 2002இல் வந்த ஆட்டத்தில், இரண்டு தற்செயல் எண்களின் சராசரியை எடுத்துத்தான் அடி பட்டதா என்று தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே திரையில் 70% என்று இருந்தால் உண்மையில் 82.3%, 90% என்று இருந்தால் 98.1%. ஆடுபவரின் மனம் இதில் நிறைவடைகிறது. என்றாலும், காட்டிய எண்ணும் நடக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கும் வெஸ்நாத்தையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் அதில்தான் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. “இந்த ஈட்டிக்காரன் ராசியில்லாதவன்” என்று ஒருவனை ஒதுக்கிவைப்பதும், “மூன்று முறை தவறிவிட்டது, அடுத்தது கட்டாயம் படும்” என்று நம்புவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். முந்தைய குத்துகள் எதுவும் அடுத்த குத்துக்குத் தெரியாது.

வாசகர் எழுதியிருந்த நிலைமையில், பகல் வேளையில், புல்வெளியில், ஓர்க்கிடம் 19 புள்ளிகள் மிச்சமிருந்தன; பக்கத்தில் ஒரு வில்லாளியும் நின்றிருந்தான். வில்லாளியின் மூன்று அம்புகளும் பகலில் அம்புக்கு 7 புள்ளிகள் சேதம் தருபவை. ஓர்க்கிடம் எறிபடை எதுவும் இல்லாததால் அவனால் திருப்பித் தாக்க முடியாது. ஓர் அம்பு பட்டாலே ஓர்க்கின் புள்ளிகள் 12 ஆகி, ஈட்டிக்காரனுக்கு இரண்டு குத்து போதும் என்றாகிவிடும்; இரண்டு பட்டால் ஒரே குத்து போதும்; மூன்றும் பட்டால் ஈட்டிக்காரனுக்கு வேலையே இல்லை. நான்கு சாத்தியங்களையும் கூட்டினால், ஈட்டிக்காரன் நல்ல உடல்நிலையில் இருக்கும்வரை, இருவரும் சேர்ந்து அந்த ஓர்க்கை வீழ்த்தும் வாய்ப்பு 82.1%. ஈட்டிக்காரனைத் தனியாக அனுப்பியபோது அது 21.6% ஆக இருந்தது.