எலும்பைக் கடத்துவது யார்?

போன மாதம் அத்தையைக் கும்பகோணத்தில் ஒரு காது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். சோதனைச் சீட்டில் ‘எலும்புக் கடத்தல்’ என்று அச்சிட்டிருந்தது. அத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “சிலையைக் கடத்துனானுவ, கொள்ளிடத்து மணலைக் கடத்துனானுவ, இப்ப எலும்பையுமாப்பா?” என்றார். சிரித்துவிட்டேன். வீடு திரும்பும்போதுதான் தோன்றியது, அத்தை படித்த விதம்தான் சரி.

சீட்டில் இருந்தது ஆங்கில ‘போன் (bone) கண்டக்‌ஷன்’, எலும்பு வழியாக ஒலி உள்ளே போவது. கடத்தல் என்ற சொல்லில் குற்றமில்லை. கட என்பதன் பிறவினை கடத்து. நாளைக் கடத்துகிறோம், கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது. ஆங்கிலக் கண்டக்‌ஷனுக்கு வேர் ‘கூட்டிச் செல்’ என்னும் இலத்தீன் சொல். நம் பஸ் கண்டக்டரும் அதே வீட்டுப் பிள்ளைதான்.

வம்பு, முன்னால் நிற்கும் எலும்பால் வருகிறது. வெப்பக் கடத்தல் என்றால் வெப்பத்தைக் கடத்துவது. சிலை கடத்தல், சிலையை. அப்படியானால் எலும்புக் கடத்தல்? இங்கே சரக்கு ஒலி. எலும்பு வெறும் சாலை. சாலையை யாராவது கடத்துவார்களா? தமிழாசிரியர் நண்பர் ஒருவர் விடவில்லை: “நடுவில் ஒற்று மிகுந்திருக்கிறதே, பார்க்கவில்லையா? எலும்பைக் கடத்துவதென்றால் ‘எலும்பு கடத்தல்’ என்று மிகாமல் வரும். மிகுந்தால் எலும்பால் கடத்துவது.” அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு ‘க்’கன்னாவின் தலையில் இவ்வளவு சுமையா? எலும்பு வழியாகக் கேட்கும் ஹெட்போனின் அட்டைப் பெட்டியில் அச்சடிக்கிறவர் முதலில் விழுங்குவதே அந்த ஒற்றைத்தான். சரி, வேறென்ன சொல்லலாம் என்றதற்கு ‘என்புணர் கேள்வி’ என்றார். என்பு என்றால் எலும்பு, குறளில் இருக்கும் சொல், மதிக்கிறேன். காந்தி பூங்கா பக்கம் கடையில் இந்தப் பெயரைச் சொல்லி ஹெட்போன் கேட்டால் என்ன கிடைக்கும்?

‘எலும்புவழிக் கேட்டல்’ போதும். ‘வழி’ என்ற ஒன்று சேர்ந்ததும் வேலை முடிந்துவிடுகிறது.

விஷயமும் அவ்வளவுதான். கொழுந்து வெற்றிலையோடு சீவல் போட்டு மெல்லுங்கள். அந்த நொறுங்கல் உங்கள் மண்டைக்குள் முழங்கும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. தாடையும் மண்டையோடும் அதிர்ந்து, செவிப்பறையைச் சுற்றிக்கொண்டு நேரே உட்செவிக்குப் போகிறது ஒலி. நம் குரலை ரெக்கார்டரில் கேட்டால் யாரோ போலிருப்பதும் இதனால்தான். அதில் எலும்பு வழியாக வரும் பங்கு இல்லை. அத்தைக்கு இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) அதிரவைத்துக் காதின் பின்னெலும்பில் ஊன்றினார் மருத்துவர், பிறகு காதருகே பிடித்தார். 1855-இல் ரின்னே என்ற ஜெர்மானியர் எழுதிவைத்த சோதனை இது. காற்று வழியைவிட எலும்பு வழியில் நன்றாகக் கேட்டால், கோளாறு வெளிக்காதிலோ நடுச்செவியிலோ. அப்படிப்பட்டவர்களுக்குக் காதின் பின்னே டைட்டானியம் திருகு பதித்துக் கருவி மாட்டும் முறை 1977-இல் ஸ்வீடனில் தொடங்கியது.

இப்போது ஹெட்போனாகவும் வந்துவிட்டது. காது திறந்திருப்பதால் பாட்டும் கேட்கும், பஸ் ஹாரனும் கேட்கும். இதற்கு ஒரு விளம்பரத்தில் ‘பல்லொலி கேட்பு வசதி’ என்று போட்டிருந்தார்கள். பல ஒலியும் பல்லொலி, பல்லின் ஒலியும் பல்லொலி! பல் வழியாகவும் ஒலி உள்ளே போகும் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. ‘சேர்ந்து கேட்கலாம்’ என்று எழுத என்ன கேடு? சாமி புறப்பாட்டில் நாகஸ்வரம், தவில், தாளம், நடுவே பலூன்காரர் ஊதல் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்டு, அதிலும் தவில்காரர் தப்பினால் கண்டுபிடிக்கிற ஊர் இது. இன்னொன்று, எந்த வழியில் வந்தாலும் ஒலி போய்ச் சேரும் இடம் ஒரே உட்செவிதான். பாட்டைக் கூட்டிவைத்தால் ஹாரன் அமுங்கத்தான் செய்யும். விளம்பரம் எழுதுகிறவர்கள் ஆங்கிலப் பெட்டியைப் பார்க்கிறார்கள், பொருளை ஒருதரம் மாட்டிப் பார்ப்பதில்லை.

அத்தையின் சீட்டில் ‘கடத்தல்’ என்பதை அடித்துப் பேனாவால் ‘வழி’ என்று எழுதிவைத்தேன். அடுத்த முறை போனபோது வரவேற்பில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, “டாக்டர் டெஸ்டை மாத்திட்டாங்களா சார்?” என்று கேட்டார்.