ஸ்போர்னிக்: தொகையா, திரட்டா?

மாசிடோனிய நாட்டார் பாடல்களைப் பற்றி எதைப் படித்தாலும் 'ஸ்போர்னிக்' என்ற சொல் வந்துவிடும். பலரது எழுத்துகளையோ வாய்மொழிகளையோ ஒருசேர வைத்த நூல் என்பது பொருள். வட மாசிடோனியாவில் இச்சொல்லோடு முதலில் நினைவுக்கு வருவது, நாட்டார் பாடல்களைத் திரட்டிய மிலாதினோவ் சகோதரர்களின் 1861ஆம் ஆண்டு நூல். இச்சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்பதே கேள்வி.

சொல்லைப் பிரித்தால் ஸ் + போர் + நிக். 'ஸ்' ஒன்றாக என்னும் முன்னொட்டு. 'போர்' என்பது பறித்தல், பொறுக்குதல் என்னும் 'பெர்' வேரின் திரிபு. திராட்சை அறுவடையை மாசிடோனியர் 'க்ரோஸ்தோபெர்' என்பதும் இவ்வேரால்தான். 'நிக்' பெயராக்கும் விகுதி. சமஸ்கிருதத்தின் 'பர' வேர் இதற்கு உறவு. அதன் வழியாகத் தமிழுக்கு வந்தவை பாரமும் சம்பாரமும். குழம்புக்குச் சேர்த்து வைக்கும் சம்பாரத்துக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் வேர் ஒன்று!

இங்கே வழுக்குமிடம் ஒன்று உண்டு. இன்றைய மாசிடோனியத்தில் 'ஸ்போர்' என்றால் சொல். கூட்டம், கூடிப் பேசுதல், பேச்சு, சொல் எனப் பொருள் நகர்ந்திருக்கிறது. அதை வைத்து ஸ்போர்னிக்கை 'அகராதி' என்று பெயர்த்தால் பிழை. அகராதிக்கு அவர்கள் சொல் 'ரெச்னிக்'.

மிலாதினோவ் நூலின் முகப்பில் ஸ்போர்னிக் என்ற சொல்லே கிடையாது. 'பல்கேரிய நாட்டார் பாடல்கள்' என்று தலைப்பிட்டு, அடியில் 'சொப்ரானி' என்று அச்சிட்டிருக்கிறது. திரட்டப்பட்டவை என்று பொருள். அதுவும் இதே வேர். வட மாசிடோனிய நாடாளுமன்றத்தின் பெயரான 'சொப்ரானியே'யும் இதன் உடன்பிறப்பு. தலைப்பிலுள்ள 'பல்கேரிய' பற்றி பல்கேரியாவுக்கும் வட மாசிடோனியாவுக்கும் இன்றுவரை வழக்கு உண்டு. பெயர்ப்பவர் அச்சில் உள்ளதை அப்படியே தர வேண்டும். 'மாசிடோனிய' என்று மாற்றக் கூடாது.

திரட்டிய விதம் சொல்லின் பொருளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒஹ்ரிட் ஏரிக்கரை ஊரான ஸ்த்ருகாவில் பிறந்தவர்கள் திமிதார் (1810), கொன்ஸ்தாந்தின் (1830). ரஷ்ய அறிஞர் கிரிகோரோவிச் 1845இல் வந்து தூண்டியபின் திமிதார் பாடல்களை எழுதிவைக்கத் தொடங்கினார். கிரேக்கக் கல்வி பெற்றவர் ஆதலால் எழுதியது கிரேக்க எழுத்தில். அதில் ஸ்லாவிய 'ஷ', 'ச்ச' ஒலிகளுக்குத் தனி எழுத்தே இல்லை. குரோவேஷியக் கத்தோலிக்க பிஷப் ஸ்ட்ரோஸ்மாயர் அச்சுக்கு உதவ முன்வந்தபோது, கொன்ஸ்தாந்தின் எல்லாவற்றையும் ஸ்லாவியருக்குரிய சிரில்லிக் எழுத்துக்கு மாற்றினார். குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகரில் 660 பாடல்களோடு நூல் வெளிவந்தது. பெரும்பாலானவை பெண்களிடம் கேட்டவை. வனதேவதை, வீரம், இடையர், காதல், திருமணம், அறுவடை என வகை பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். பாட்டோடு நிற்காமல் சடங்கு, விடுகதை, பழமொழி, ஆட்பெயர் எல்லாம் உண்டு. அடுத்த ஆண்டு சனவரியில் இருவரும் இஸ்தான்புல் சிறையில் இறந்தார்கள்.

தமிழில் என்ன சொல்வது? 'தொகை' என்றால் எட்டுத்தொகை கண்முன் நிற்கும். அடிக்கணக்கு பார்த்து, தேர்ந்து, எண்ணிக்கை வகுத்துக் கோத்தது அது. இங்கே பாட்டோடு விடுகதையும் வந்து சேர்ந்துவிடுகிறது, தொகை ஒட்டாது. 'மலர்' விழாவுக்குரியது. 'கோவை' கருத்தரங்கக் கட்டுரைகளுக்குச் சரி. ஸ்போர்னிக் என்பதற்கு அந்தப் பொருளும் இருப்பதால், அவ்விடத்தில் 'ஆய்வுக்கோவை' எனலாம். 'தொகுப்பு' தவறில்லை, ஆனால் எதற்கும் பொருந்தும் பொதுச்சொல். வாய்மொழியைப் பல இடங்களிலிருந்து சேர்த்ததற்கு, பல நூல்களின் பாடல்களைச் சேர்த்த புறத்திரட்டு என்ற பழைய நூலின் பெயர் காட்டும் 'திரட்டு'தான் என் தேர்வு.

தலைப்பில் 'நாட்டார்' என்று பெயர்த்த மூலச்சொல் 'நரோத்னி' என்பதையும் கவனிக்க வேண்டும். 'ரோத்' பிறப்பு, 'நரோத்' மக்கள், தேசிய இனம் இரண்டுமாகும். 'தேசியப் பாடல்கள்' என்றால் கொடியேற்றும் பாட்டு ஆகிவிடும். ஆகவே முகப்பு தமிழில் இப்படி வரும்: 'பல்கேரிய நாட்டார் பாடல்கள். மிலாதினோவ் சகோதரர் திமிதாரும் கொன்ஸ்தாந்தினும் திரட்டியவை, கொன்ஸ்தாந்தின் வெளியிட்டது.'