ஏர்கோனில் அனல் வந்தால் கேஸ் மேல் பழி போடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மத்தியான வெயிலில் ஓடும் காருக்கு ஹீட்டர் எதற்கு? பனிக்காலம் உள்ள நாட்டில் செய்த கார், அதையும் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டது. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த பெரியப்பாவிடம் எண்பதுகளின் ஜெர்மன் டீசல் கார் ஒன்று உண்டு. போன வருடம் அதன் ஏர்கோன் திடீரென்று அனல் கக்கியது. இரண்டு பட்டறைகளில் கேஸ் ஏற்றிக் காசு வாங்கினார்கள்; அனல் குறையவில்லை.

ஏர்கோனில் குளிர் தரும் இந்த கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிவு என்று பொருள். இந்தக் காரில் கசிவும் இல்லை. குளிர் ஒழுங்காகவே வந்தது. வந்த குளிரை வேறொன்று உடனே சுடவைத்துக்கொண்டிருந்தது.

அக்காலத் தானியங்கி ஏர்கோன்கள் பலவற்றின் சூட்சுமமே இதுதான். காற்று முதலில் குளிர்ச்சுருளைக் கடக்கும். அடுத்து ஹீட்டர் சுருளைக் கடக்கும். 22 பாகை வேண்டுமென்று வெப்பநிலை வட்டைத் திருகினால், குளிர்ந்த காற்றை எவ்வளவு திரும்பச் சூடாக்குவது என்றுதான் கட்டுப்பாட்டுக் கருவி கணக்குப் போடும். ஹீட்டருக்குள் ஓடுவது என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், ஏறக்குறைய 90 பாகைச் சூடு. அதை விடுவதும் அடைப்பதும் மின்காந்த வால்வு ஒன்று. மின்சாரம் வந்தால் மூடும், நின்றால் திறக்கும். பனியில் உறையும் ஊருக்கு அது புத்திசாலித்தனம்: கம்பி அறுந்தாலும் கண்ணாடிப் பனி உருகும். நமக்கோ, வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தாலே கார் அடுப்பாகிவிடும். (அது செயற்கை ரப்பர்தான். ஆனாலும் பால்மரம் சீவிய ஊர்க்காரர்களுக்கு ரப்பர் கிழடுதட்டுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.)

காருக்குள் எவ்வளவு சூடு என்று அளக்கும் வெப்ப உணரி கெட்டாலும் இதே கதிதான். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டும் வகை, 40 பாகையில் ஏறக்குறைய பாதிதான் காட்டும். அதன் கம்பி அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். கருவியோ உள்ளே கடுங்குளிர் என்று நம்பி வெந்நீரைத் திறந்துவிடும். உணரியைக் கழற்றி மின்தடை மீட்டரில் மாட்டி, உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். எண் மெல்ல இறங்கினால் அது நல்லது.

வால்வைச் சோதிக்க மீட்டர்கூட வேண்டாம். என்ஜினை ஓடவிட்டு, வட்டைக் கடைசிக் குளிருக்குத் திருகி, ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை இடுக்கியால் நெரியுங்கள். கிழட்டுக் குழாய் வெடிக்கலாம், துணி சுற்றி மெதுவாக. சில நிமிடத்தில் காற்று சில்லென்று மாறினால், ஒன்று வால்வு மூடவில்லை, இல்லை அதற்கு மின்சாரமே வரவில்லை. எங்களுக்கு மாறியது. வால்வைப் பிரித்தால் சவ்வு நடுவில் பிளந்திருந்தது. உள்பாகம் மட்டும் மாற்றினோம்.

இன்னொரு கோளாறும் உண்டு. காற்று குளிர்ந்தே இருக்கும். ஆனால் முகத்துக்கு வராமல் முன்கண்ணாடிக்கே போகும். காற்றுவழிக் கதவுகளை இழுப்பவை வெற்றிட அறைகள், அதாவது காற்றை உறிஞ்சினால் உள்ளே இழுபடும் சவ்வு வைத்த சிறு டப்பாக்கள். அவற்றின் சவ்வோ குழாயோ கசிந்தால், ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கமே தள்ளிவிடும். கையால் இயக்கும் வெற்றிடப் பம்பை ஒவ்வொன்றிலும் மாட்டி உறிஞ்சினால், பம்பின் மீட்டர் முள் இறங்காமல் நிற்க வேண்டும்.

டீசல் என்ஜின் போதிய வெற்றிடத்தைத் தானாக உண்டாக்காது, தனிப் பம்பு வேண்டும். மெர்சிடிஸ் டபிள்யூ 123 போன்ற டீசல் கார்களில் கதவுப் பூட்டுக்கும் என்ஜினை நிறுத்துவதற்கும் அந்த வெற்றிடமே. ஆகவே பூட்டில் கசிந்தாலும், சாவியை எடுத்த பிறகு என்ஜின் நிற்காமல் ஓடலாம். எங்கள் காரில் இப்போது ஏர்கோன் சில்லென்று இருக்கிறது. நிறுத்துவதற்கு மட்டும் பெரியப்பா பானட்டைத் திறந்து நெம்புகோலைக் கையால் அழுத்துகிறார். பின்கதவுப் பூட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.